இருப்பிட மாஸ்டரை (நிறுவனத்தின் இடங்களுக்கான மூலப் பட்டியலை) எங்கிருந்து தொடங்குவது? கிளை, கிடங்கு, வண்டி, பின்கோடு எல்லாம் ஒரே பட்டியலில் கிடக்கின்றன

சரக்குமூலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு இருசக்கர வாகன உதிரிபாகங்களை மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தில் சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஓடிய கணக்கையும் இருப்பையும், எல்லாத் துறைகளையும் ஒன்றிணைக்கும் புதிய ஈஆர்பி மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதை நிறுவ வந்தவர்கள் முதல் நாளே கேட்டது, "உங்கள் லொகேஷன் பட்டியலை எக்செலில் கொடுங்கள்" என்பதுதான். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று நாளாகியும் முடிந்தபாடில்லை.

எங்களுக்கு உண்மையில் இருப்பவை 6 கிடங்குகள், 19 கிளைகள், 11 விநியோக வண்டிகள். ஆக மொத்தம் 36. டேலியின் கோடவுன் பட்டியலிலோ 143 வரிகள் உள்ளன. மென்பொருள் தானாகவே போட்டுக்கொடுக்கும் 'மெயின் லொகேஷன்' என்ற பெயரில் இன்றும் பெருந்தொகைக்குச் சரக்கு நிற்கிறது; அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. 'ஈரோடு', 'ஈரோடு புதுசு', 'ஈரோடு டேமேஜ்', 'ஈரோடு வண்டி' என்று ஒரே ஊருக்கு நான்கு வரிகள். இவற்றில் இரண்டு ஒரே கூரையின் கீழ் உள்ளவை. ஒன்று நகர்ந்துகொண்டே இருப்பது.

பட்டியலைச் சரிபார்க்கத் துறைகளைக் கூட்டினால் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். கணக்குத் துறைக்கு லொகேஷன் என்றால் ஜிஎஸ்டி பதிவு. விற்பனைத் துறைக்கு ஒரு பிரதிநிதி சுற்றிவரும் பகுதி. மனிதவளத் துறைக்கு வருகைப்பதிவு இயந்திரம் மாட்டியிருக்கும் சுவர். எனக்கோ நட்டும் போல்ட்டும் இருக்கும் ரேக். இவர்களில் யாருடைய பொருளை வைத்துப் பட்டியலை அமைப்பது? எங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பாலக்காட்டிலும் கிளைகள் உண்டு என்பதையும் கருத்தில் கொள்ளவும்.

பழையகணக்கர் எழுதியது:

நான்கு துறையினரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். நான்கு தனித்தனிக் கேள்விகளுக்கு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் தொல்லை. சட்டத்தின் கண்ணில் இந்த இடம் யாருடையது, நிலத்தில் அது எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது, அதன் செலவுக்கு யார் பொறுப்பு என்ற நான்கையும் நான்கு அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றோடு இணையுங்கள். ஒரே வரியில் நான்கையும் திணித்தால், ஒன்று மாறும்போதெல்லாம் மற்ற மூன்றும் பொய்யாகிவிடும்.

முதலில் சட்ட அடுக்கைக் கட்டுங்கள், ஏனெனில் அதில் தவறினால் வரியாகவும் வட்டியாகவும் வெளியே வரும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவு மாநில வாரியானது. 15 இலக்கப் பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும் மாநிலக் குறியீடுதான். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளத்துக்கு 32. தமிழ்நாட்டுக்குள் உள்ள உங்கள் கிடங்குகளும் கிளைகளும் ஒரே பதிவின்கீழ்க் கூடுதல் வணிக இடங்களாகச் சேரும். அவற்றுக்கிடையே சரக்கை மாற்றினால் டெலிவரி சலானே (சரக்குடன் போகும் அனுப்புச் சீட்டே) போதும். ஆனால் கோவையிலிருந்து காரைக்காலுக்கோ பாலக்காட்டுக்கோ சரக்கை அனுப்பினால், கொடுப்பவரும் வாங்குபவரும் நீங்களேயானாலும், சட்டம் அதை வரிக்குரிய வழங்கலாகத்தான் பார்க்கும். ஆகவே 'இந்தக் கிடங்கு எந்தப் பதிவு எண்ணைச் சேர்ந்தது' என்ற புலம் (அட்டவணையில் நிரப்பும் கட்டம்) காலியாக விடக்கூடாதது.

புதுச்சேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழியை எல்லா மென்பொருள்காரர்களும் ஒருமுறையாவது எழுதிப்பார்க்கிறார்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு துண்டுகள்: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம். காரைக்காலின் பின்கோடு 609602. அதே 609இல் தொடங்கும் 609001 மயிலாடுதுறை, அது தமிழ்நாடு. மாகேயின் 673310 கோழிக்கோட்டு வரிசையில் வருகிறது. ஏனாமின் 533464 ஆந்திரத்தின் கோதாவரிப் பக்கத்து வரிசை. மறுபக்கம் பார்த்தால், புதுச்சேரி என்று எல்லாரும் நினைக்கும் 605இல் விழுப்புரம் நகரமே 605602 என்று உட்கார்ந்திருக்கிறது. பின்கோடு 1972இல் தபால்காரருக்காகப் பிறந்தது. வரி அலுவலருக்காகப் பிறந்ததல்ல. மாநிலத்தைத் தனிப் புலமாகக் கேட்டு வாங்குங்கள், பின்கோட்டிலிருந்து கணக்கிடாதீர்கள்.

ரேக்முதல்கூரைவரை எழுதியது:

கணக்கர் ஐயா சட்ட அடுக்கைச் சொல்லிவிட்டார். கிடங்கின் உள்ளே உள்ள அடுக்கை நான் சொல்கிறேன், இருபது ஆண்டுகளாக அதற்குள்தான் இருக்கிறேன்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த அடுக்கு வேறு வேறு பெயரில் வரும். சாப்பில் கம்பெனி கோடு, அதன்கீழ் பிளாண்ட், அதன்கீழ் ஸ்டோரேஜ் லொகேஷன். மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸில் சைட், வேர்ஹவுஸ், லொகேஷன். ஓடூவில் வேர்ஹவுஸ், அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை லொகேஷன் வேண்டுமானாலும். 'லொகேஷன்' என்ற ஒரே சொல் ஒன்றில் ஓர் அறையையும், மற்றொன்றில் ரேக்கின் ஒரு கட்டத்தையும் குறிக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஆலோசகர்கள் லொகேஷன் பட்டியல் கேட்டபோது எந்த அடுக்கைக் கேட்டார்கள் என்பதை முதலில் திருப்பிக் கேளுங்கள். அதைக் கேட்காமல் பட்டியல் கொடுத்த ஒரு நிறுவனத்தில் ரேக்குகள் எல்லாம் கிளைகளாக ஏறி, ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு லாபநட்டக் கணக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் 'ஈரோடு டேமேஜ்' இடமே அல்ல, அது சரக்கின் நிலை. உடைந்த பொருளை உண்மையிலேயே தனி அறையில் பூட்டி வைத்தால் அந்த அறை ஓர் இடம். நல்ல சரக்குக்குப் பக்கத்திலேயே சிவப்புச் சீட்டு ஒட்டி வைத்தால் அதற்கு வேண்டியது நிலைக்கான புலம் மட்டுமே. 143 வரிகளில் பாதி இப்படித்தான் கரையும் என்பது என் கணிப்பு.

வண்டிகளை இடமாகத்தான் வைக்க வேண்டும். ஓட்டுநரின் பெயரில் வைக்காதீர்கள், வண்டியின் எண்ணிலும் வைக்காதீர்கள். ஆள் விலகுவார், வண்டி விற்கப்படும், ஆனால் 'ஈரோடு தெற்கு விநியோகம்' என்ற பொறுப்பு நிற்கும். அதோடு, வழியில் இருக்கும் சரக்குக்கென்று ஓர் இடம் கட்டாயம் தேவை. கோவையில் ஏற்றியது மாலையில், காரைக்காலில் இறக்குவது மறுநாள் காலையில் என்றால், அந்த இரவு முழுவதும் அது எங்கே இருக்கிறது? அந்த இடத்தை உருவாக்காத நிறுவனங்களில் மாதக் கடைசி இரவு சரக்கு இரண்டு ஊரிலும் இருக்கும், அல்லது எந்த ஊரிலும் இருக்காது. ஓடூ இதை அழகாகச் செய்திருக்கிறது: விற்பனையாளர், வாடிக்கையாளர், இருப்புக் குறைவு ஆகியவற்றையும் கற்பனை இடங்களாக வைத்து, ஒவ்வோர் அசைவையும் ஓர் இடத்திலிருந்து கழித்து மற்றோர் இடத்தில் கூட்டுகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கைச் சரக்குக்குப் பொருத்தியது போன்றது. கணக்கர் ஐயாவுக்குப் பிடிக்கும்.

பழையகணக்கர் எழுதியது:

பிடித்திருக்கிறது.

குறியீட்டுத்தச்சன் எழுதியது:

அடுக்குகள் பற்றி எனக்கு மறுப்பில்லை. குறியீடு பற்றிச் சொல்ல வேண்டும். புதிய மென்பொருளுக்கு மாறும் எல்லா நிறுவனங்களும் 'தநா-கோவை-கிட-01' போன்ற பொருள் பொதிந்த குறியீட்டை உருவாக்கி மகிழ்கின்றன. மூன்று ஆண்டுகளில் அந்தக் கிடங்கு வாடகை குறைவு என்று பாலக்காட்டு எல்லைக்கு அப்பால் போய்விடும், அல்லது கிடங்கு கிளையாகிவிடும். குறியீடு மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். பரிவர்த்தனை ஏறிய பிறகு சாப்பில் ஒரு பிளாண்டின் குறியீட்டைப் பெயர் மாற்றுவதுபோல மாற்றிவிட முடியாது. புதிதாக ஒன்றைத் திறந்து சரக்கையெல்லாம் அதற்கு மாற்றத்தான் வேண்டும்.

ஊர்ப்பெயர் மாறும், எல்லை மாறும், எழுத்துக்கூட்டலும் மாறும். மெட்ராஸ் 1996இல் சென்னையானது. விமான நிலையத்துக்கு இன்றும் எம்ஏஏ என்பதே குறியீடு, சுங்கத் துறை ஆவணத்தில் சென்னைத் துறைமுகம் இன்றும் ஐஎன்எம்ஏஏ1. யாரும் வழி தவறவில்லை, ஏனென்றால் அந்த எழுத்துகளிலிருந்து யாரும் பெயரைப் படிப்பதில்லை. தெலங்கானாவில் வண்டிகளின் பதிவெழுத்து 2024இல் டிஎஸ்ஸிலிருந்து டிஜியாக மாறியது. ஜிஎஸ்டியில் அதன் எண் 36 அசையவில்லை. தமிழ்நாட்டிலேயே 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வந்த அரசாணை, கோயம்புத்தூருக்கு நீண்டதொரு புதிய எழுத்துக்கூட்டலையும் கொடுத்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்களுக்குள் ஊர்ப்பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளைக் குறியீடாக வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே பொருளற்ற தொடரெண் ஒன்றைக் கொடுங்கள். பெயர், மாநிலம், வகை எல்லாம் தனித்தனிப் புலங்களில் இருக்கட்டும்.

ரேக்முதல்கூரைவரை எழுதியது:

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவு பதினொரு மணிக்கு லாரியில் சரக்கேற்றும் ஒருவரிடம் '1000437லிருந்து எடு' என்றால் அவர் எங்கே போவார்? 'சி-07-3-ஆ' என்றால் மூன்றாம் வரிசை, ஏழாவது ரேக், மூன்றாம் தட்டு, இரண்டாம் கட்டம் என்று கால்கள் தாமாகவே நடக்கும். மேசையில் அமர்ந்து வடிவமைப்பவர்கள் ஒரு வாரம் கிடங்கில் பிக்கிங் (ரேக்கிலிருந்து சரக்கை எடுத்துச் சேர்க்கும் வேலை) செய்துவிட்டு வந்து பேசலாம்.

குறியீட்டுத்தச்சன் எழுதியது:

ரேக்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. என் பதிவில் அதைப் பிரித்துச் சொல்லாதது என் பிழை. ரேக்கின் குறியீடு வழிகாட்டும் முகவரி, அது பொருள் சொல்லத்தான் வேண்டும்; ரேக்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால் புதிய முகவரி பெறுவதும் நியாயம். கிளையின் குறியீடு அப்படியல்ல, அது பிறந்த குழந்தைக்கு இட்ட எண். வீடு மாறினாலும் எண் மாறக்கூடாது. கட்டடத்துக்கு மேலே பொருளற்ற எண், கட்டடத்துக்கு உள்ளே பொருளுள்ள எண் என்று எல்லை வகுக்கலாம். ஆனால் திரையில் எண்ணுடன் பெயரும் சேர்ந்தே தெரிய வேண்டும் என்பதை ஆலோசகர்களிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

சரக்குமூலை எழுதியது:

மிக்க நன்றி. 'ஈரோடு' நான்கு வரிகள் இப்போது ஒரு கட்டடம், ஒரு வண்டி, ஒரு நிலை என்று சுருங்கிவிட்டன. அடுத்த குழப்பம் மாவட்டம். மாவட்ட வாரியாக விற்பனை அறிக்கை எடுக்கிறோம். தென்காசி வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திருநெல்வேலியில் கிடக்கிறார்கள்.

வரைபடப்பித்தன் எழுதியது:

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்தும், 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் செயல்பாட்டுக்கு வந்து இப்போது 38 ஆகியுள்ளன. மென்பொருளோடு வரும் ஆயத்தப் பட்டியலில் பல நேரம் 32தான் இருக்கும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் திரட்டில் மாவட்டம் முதல் கிராமம் வரை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உள்ளது. மாவட்டத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்ய விடாமல் அந்தக் குறியீட்டையே சேமியுங்கள். பெயரை மட்டும் நம்பினால் திருப்பத்தூரில் மாட்டிக்கொள்வீர்கள்: வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டத் தலைநகர் ஒன்று, சிவகங்கை மாவட்டத்தில் இன்னொன்று.

அதைவிடப் பெரிய தலைவலி சென்னை. பின்கோடு 600இல் தொடங்கினால் சென்னை என்று முடிவுகட்டுவது வழக்கம். தாம்பரம் 600045, ஆனால் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி 600054, ஆனால் திருவள்ளூர் மாவட்டம். இரண்டும் இப்போது தனி மாநகராட்சிகள். அஞ்சல் சென்னை, வருவாய் மாவட்டச் சென்னை, மாநகராட்சிச் சென்னை என்று மூன்று சென்னைகள் உண்டு. எந்தச் சென்னைக்கு அறிக்கை வேண்டும் என்று உங்கள் விற்பனைத் துறையிடம் கேளுங்கள். அநேகமாக நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள்.

பழைய விற்பனையை என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். 2018இல் தென்காசி ஊருக்கு விற்றது அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து விற்பனைதான். 'எந்த நாள் முதல், எந்த நாள் வரை' என்ற இரண்டு தேதிப் புலங்களை இடத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலான இணைப்பில் வையுங்கள். அப்போது அன்றைய எல்லைப்படியும் அறிக்கை எடுக்கலாம், இன்றைய எல்லைப்படியும் எடுக்கலாம்.

ஒவ்வோர் இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கைப்பேசி வரைபடங்கள் அட்சரேகையை முதலில் காட்டும். வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். கோவையின் 11.02, 76.96 இடம் மாறினால் உங்கள் தலைமை அலுவலகம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலுக்குள் போய்விடும். நல்ல வேளையாக இந்திய நிலப்பரப்பின் அட்சரேகை சுமார் 6 முதல் 37 வரை, தீர்க்கரேகை 68 முதல் 98 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுவதே இல்லை. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் ஏற்காதே என்ற ஒரே விதி போதும். காலிப் புலத்தைப் பூஜ்யமாக நிரப்பும் மென்பொருளாக இருந்தால், முகவரியில்லாத வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் குடியேறியிருப்பார்கள், அதையும் தடுத்துவிடுங்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் தள்ளிப்போகலாம்.

இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின்னைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். சுமார் நான்கு மீட்டர் சதுரக் கட்டத்துக்குப் பத்து எழுத்தெண் கொண்ட குறியீடு அது. அட்ச, தீர்க்க ரேகைகளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பதால் ஆயத்தொலைவுகளைச் சரியாக வைத்திருப்பவருக்கு அவசரமில்லை.

கொழும்புக்களஞ்சியம் எழுதியது:

இலங்கையிலிருந்து இரண்டு அனுபவங்களைச் சேர்க்கிறேன். எமது நிறுவனத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று பெயர்ப் புலங்கள் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தின் மூன்று பெயர்களும் ஒன்றுக்கொன்று எழுத்துக்கு எழுத்தான ஒலிபெயர்ப்பு அல்ல. மூன்றும் தனித்தனி வடிவங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை மென்பொருள் தானே எழுதிக்கொள்ளும் என்று விட்டால் பொதி போய்ச் சேராது. உங்களிடமும் பில்லில் அச்சாகும் தமிழ்ப்பெயரையும் அரசுப் பதிவில் உள்ள ஆங்கிலப் பெயரையும் இரு புலங்களாக வைப்பது நல்லது.

மற்றது, பூச்சியம். கொழும்பு 7இன் தபால் குறியீடு 00700. எக்செலில் திறந்து சேமித்த மாத்திரத்தில் அது 700 ஆகிவிடும். உங்கள் ஜிஎஸ்டியிலும் ஜம்மு காஷ்மீருக்கு 01 என்று அறிகிறேன். அங்கும் இதே கதைதான். பார்ப்பதற்கு எண்ணாக இருந்தாலும் குறியீடு எல்லாவற்றையும் எழுத்தாகவே சேமிக்க வேண்டும். நேர வலயத்தையும் 'கூட்டல் 5:30' என்று எழுதாமல் 'ஆசியா/கொழும்பு' என்று வலயப் பெயராகவே வையுங்கள். 1996இல் நாங்கள் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் 5:30க்கு வந்தோம். அந்தப் பத்தாண்டுத் தரவைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரியும்.

குறியீட்டுத்தச்சன் எழுதியது:

ஒன்றை யாரும் கேட்கவில்லை: புதிய இடத்தைத் திறக்கும் உரிமை யாரிடம்? 143 வரிகள் வானத்திலிருந்து விழவில்லை. திறக்கும் பொத்தான் எல்லார் திரையிலும் இருந்ததால் வந்தவை. கேட்பது யாராக இருந்தாலும் சரி, திறப்பது ஒருவராக இருக்கட்டும். திறக்கும் முன் பதிவு எண்ணைக் கணக்குத் துறையும், முகவரியையும் ஆயத்தொலைவையும் சரக்குப் பிரிவும் உறுதிசெய்யட்டும். மூடிய கிளையை ஒருபோதும் அழிக்காதீர்கள். முடிவுத் தேதியிட்டுப் புதிய பரிவர்த்தனைக்கு மட்டும் பூட்டுங்கள். சரக்கு பூஜ்யமாகாமல் மூட முடியாது என்ற தடையும் வேண்டும்.

சரக்குமூலை எழுதியது, மூன்று வாரம் கழித்து:

நிலவரத்தைச் சொல்ல வந்தேன். 143 வரிகள் இப்போது 36 இடங்கள், 2 வழியிடை இடங்கள், 5 சரக்கு நிலைகள். 'மெயின் லொகேஷன்' சரக்கை எண்ணிப் பார்த்ததில் பெரும்பகுதி எங்கள் பழைய கிடங்கின் மாடியில் இருந்தது, மீதி இல்லை. ரேக் குறியீட்டை ரேக்முதல்கூரைவரை சொன்னபடியே வைத்தோம், கிளை எண்ணைத் தச்சன் சொன்னபடி.

கணக்கர் ஐயா சொன்ன 605ஐச் சோதித்தபோது ஒன்று தெரியவந்தது. எங்கள் பழைய அமைப்பில் யாரோ பின்கோட்டை வைத்தே மாநிலத்தை நிரப்பியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஜிஎஸ்டி பதிவில்லாத 23 சிறு பட்டறைகள் புதுச்சேரி என்று ஏறி, கோவையிலிருந்து போன பில்களில், மாநிலத்துக்குள் விற்றால் வரும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்குப் பதிலாக மாநிலம் தாண்டினால் வரும் ஐஜிஎஸ்டி போட்டிருக்கிறோம். வாடிக்கையாளர் மாஸ்டரில் மாநிலத்தைத் திருத்திவிட்டால் முடிந்ததா?

பழையகணக்கர் எழுதியது:

முடியாது, தொடங்கும். மாஸ்டரில் பழையதன் மேலேயே எழுதித் திருத்தாதீர்கள். இன்றைய தேதியிட்டுப் புதிய வரியாகச் சேருங்கள். மேலே எழுதினால் போன ஆண்டு பில்லை மறுபடி அச்சிடும்போது மாநிலம் தமிழ்நாடு என்றும் வரி ஐஜிஎஸ்டி என்றும் வந்து, தணிக்கையில் நீங்களே குழம்புவீர்கள்.

வரியைப் பொறுத்தவரை, ஒரு மாநிலத்துக்குள் நடந்ததை மாநிலங்களுக்கிடையே நடந்ததாகக் கருதிச் செலுத்தியிருந்தால் சரியான தலைப்பில் மறுபடி செலுத்த வேண்டும். அதற்கு வட்டி கிடையாது என்று சிஜிஎஸ்டி சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்கிறது. தவறாகச் செலுத்தியதைத் திரும்பக் கேட்க, சரியான தலைப்பில் செலுத்திய நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத வாங்குநருக்கு பில்லில் எழுதிய முகவரியே வழங்கல் இடத்தை (எந்த மாநிலத்துக்கு விற்றதாகக் கொள்வது என்பதை) தீர்மானிக்கிறது, மாநிலப் பெயரை எழுதினாலே முகவரி எழுதியதாகக் கொள்ளப்படும். உங்கள் பில்லில் ஊர் விழுப்புரம், மாநிலம் புதுச்சேரி. ஆகவே அந்தத் தேதிக்கு முன், பின் என்று பில்களை இரண்டு கட்டாகப் பிரித்து, பின் வந்தவற்றை உங்கள் பட்டயக் கணக்காளரிடம் காட்டிவிட்டுச் செலுத்துங்கள்.